நல்ல தண்ணீரில் கட்டிய வீடு

எங்கள் ராமநாதபுரக் கடற்கரைப் பக்கத்தில் ஒரு வீடு எந்த லட்சணத்தில் கட்டப்பட்டது என்று தெரிந்துகொள்ள உள்ளே போக வேண்டியதில்லை. தெருவில் நின்று சன்சேடின் அடிப்பக்கத்தை அண்ணாந்து பார்த்தால் போதும். கட்டிப் பத்துப் பதினைந்து வருஷம்கூட ஆகியிருக்காது. சிமெண்ட் பாளம் பாளமாகப் பெயர்ந்து, துருவேறிய கம்பி வரிவரியாக வெளியே தெரியும். மண்டபம், வேதாளை, பெரியபட்டினம், ஏர்வாடி என்று எந்த ஊருக்குப் போனாலும் இப்படி நாலு வீடாவது கண்ணில் படும். கேட்டால், "கடல் காத்து, என்ன செய்ய" என்பார்கள். காற்றின் மேல் பழி போடுவது சுலபம். நான் பார்த்தவரை, அந்த உப்பில் கணிசமான பங்கு கட்டும்போதே நம் கையால் கலந்து உள்ளே வைத்தது.

நான் கட்டட வேலை படித்தவள் இல்லை. பி.காம் முடித்துவிட்டுக் கூட்டுறவுச் சங்கத்தில் கொஞ்ச காலம் கணக்கு எழுதியவள். வீட்டுக்காரர் குவைத்தில் இருக்கிறார். பணம் அனுப்புவது அவர் பொறுப்பு, வீடு கட்டுவது என் பொறுப்பு என்று பிரித்துக்கொண்டோம். எங்கள் கரையில் இது ஒன்றும் புதுசில்லை. கீழக்கரையிலிருந்து தொண்டி வரை, வெளிநாட்டுப் பணத்தில் எழும்பிய வீடுகள் பலவற்றைப் பெண்கள்தான் வெயிலில் நின்று கட்டி முடித்திருக்கிறார்கள். கிரகப்பிரவேசப் பத்திரிகையில் மட்டும் ஆண் பெயர் முதலில் வரும்.

மொத்தக் காண்ட்ராக்ட்டாக விடவில்லை. வரைபடத்துக்கும் கம்பிக் கணக்குக்கும் ஓர் இன்ஜினியர், கூலிக்கு மட்டும் ஒரு மேஸ்திரி, பொருளெல்லாம் நாங்களே வாங்கிக் கொடுப்பது என்று ஏற்பாடு. இதில் மிச்சம் பிடிக்கலாம் என்று நினைத்து இறங்காதீர்கள். மிச்சம் பெரிதாக இருக்காது. கலவையில் என்ன விழுகிறது என்று நமக்குத் தெரியும், அதுதான் லாபம்.

மனை விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பட்டா, வில்லங்கம், அளவை வரைபடம் எல்லாம் எல்லா ஊருக்கும் பொது. கடலோரத்தில் கூடுதலாக ஒன்று உண்டு: கடற்கரை ஒழுங்குமுறை மண்டலம். 2011 அறிவிப்பின்படி, கிராமப்புறக் கரைகளில் உயர் அலைக் கோட்டிலிருந்து 200 மீட்டர் வரை புதுக் கட்டுமானத்துக்குத் தடை. 2019 அறிவிப்பு, மக்கள் நெருக்கம் அதிகமுள்ள கிராமங்களுக்கு அதை 50 மீட்டராகக் குறைத்தது. உங்கள் மனை எந்த வகையில் வருகிறது என்று மாவட்ட வரைபடத்தில் பார்த்த பிறகே அட்வான்ஸ் கொடுங்கள். கடல் தெரிகிற மனை என்று சொல்லி விற்பவர் இதைச் சொல்ல மாட்டார். மற்றபடி அனுமதி இப்போது முன்னளவு அலைச்சல் இல்லை. 2024 ஜூலையிலிருந்து, 2,500 சதுர அடிக்குள் இருக்கும் மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்ட, சுயசான்று முறையில் இணையத்திலேயே அனுமதி வாங்கிக்கொள்ளலாம்.

எங்கள் மனை உச்சிப்புளிப் பக்கம், கடலுக்குக் கொஞ்சம் உள்ளே தள்ளி. இந்த இடத்தில் தரை ஒடுங்கி, இரண்டு பக்கமும் கடல். வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. எங்கள் பேச்சில் வடகடல், தென்கடல். ஆனி ஆடியில் தென்கடல் கொந்தளிக்கும், ஐப்பசி கார்த்திகை வாடையில் வடகடல் ஆடும். மண்டபத்தில் மீன்பிடிப்பவர்கள் காற்றுக்குத் தக்கபடி வள்ளத்தை இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் மாற்றிக்கொள்வார்கள். வீட்டை அப்படி மாற்ற முடியாது. வருஷம் முழுக்க ஏதாவது ஒரு திசையிலிருந்து உப்பு வந்துகொண்டேதான் இருக்கும்.

உப்பு என்ன செய்கிறது என்பதை இன்ஜினியர் எனக்குக் காகிதத்தில் வரைந்து காட்டினார். கான்கிரீட்டுக்குள் காரத்தன்மை இருப்பதால் கம்பியின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு படலம் உருவாகி, அதைத் துருப்பிடிக்காமல் காக்கும். உப்பில் உள்ள குளோரைடு அந்தப் படலத்தை உடைத்துவிடும். அப்புறம் துரு. துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். இடம் கிடைக்காதபோது மேலே இருக்கிற சிமெண்டைத் தள்ளிக்கொண்டு வெளியே வரும். சன்சேடு உதிர்வது இதனால்தான். பாம்பன் கடலில் 1914-இல் திறந்த ரயில் பாலம், துருவோடு மல்லுக்கட்டியே காலம் தள்ளியது. 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்தில் துருப்பிடிக்காத எஃகுக் கம்பியும் தனி ரகப் பூச்சும் போட்டிருக்கிறார்கள். அவ்வளவு செலவு நமக்குக் கட்டாது. நம் கையில் இருப்பது தண்ணீர், மணல், கம்பிக்கு மேல் நிற்கிற சிமெண்டின் கனம், இந்த மூன்றும்தான்.

தண்ணீரில் தொடங்குகிறேன், ஏனென்றால் வீட்டையே அதிலிருந்துதான் தொடங்கினோம்.

பக்கத்து மனைக்காரர் வீடு கட்டுவதற்கு முன்னாலேயே ஆழ்துளை போட்டிருந்தார். தண்ணீர் பொங்கி வந்தது. வாயில் வைக்க முடியாது. எங்கள் ஊர்ப் பெண்களுக்கு இதில் ஒரு பழைய அறிவு உண்டு. மணலைக் கொஞ்சமாகத் தோண்டி, ஊறுகிற தண்ணீரைச் சிரட்டையால் மொண்டு குடம் நிரப்புவார்கள். கடல் கண்ணுக்கெட்டும் தூரத்தில் இருக்கும், ஊற்றுத் தண்ணீர் இனிக்கும். மழைத் தண்ணீர் உப்புத் தண்ணீரைவிட லேசு என்பதால் மணலுக்குள் அதன் மேலே மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் ஓர் அடி நல்ல தண்ணீர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடி ஆழத்துக்கு நல்ல தண்ணீர் இருக்கும் என்பது நிலத்தடி நீர் படித்தவர்கள் சொல்லும் கணக்கு. அதே கணக்கைத் திருப்பிப் போட்டால், பெரிய மோட்டார் வைத்து மேலே ஓர் அடி இறைத்துவிட்டால் உப்பு கீழிருந்து 40 அடி ஏறிவிடும். ஆகவே ஆழம் போகாமல் உறைக்கிணறு இறக்கினோம். அரை குதிரைத்திறன் மோட்டார், அதையும் விட்டுவிட்டுத்தான் ஓட்டுவது.

அப்படி இறைத்தால் வேலைக்குப் பற்றாது. அதற்காக, வீட்டுக்கு வானம் (அஸ்திவாரக் குழி) தோண்டுவதற்கு முன்பே தரைக்கடியில் தண்ணீர்த் தொட்டியைக் கட்டிவிட்டோம். இரவில் கிணற்றிலிருந்து மெல்ல நிரம்பும், பகலில் வேலைக்கு எடுப்போம், பற்றாததற்கு டேங்கர். எல்லோரும் தொட்டியைக் கடைசியில்தான் கட்டுவார்கள். முதலில் கட்டினால் கட்டுமானம் முடிகிறவரை அதுவே சேமிப்பு. முடிந்த பிறகு மொட்டை மாடியின் மழைத் தண்ணீரைக் குழாய் வழியாக அதில் விட்டுக்கொள்ளலாம்.

கிணற்றுத் தண்ணீரைக் குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் கொடுத்துப் பாருங்கள். கட்டணம் சொற்பம். ஐ.எஸ். 456 என்ற இந்தியத் தர விதிப்படி, கம்பி போட்ட கான்கிரீட்டுக்கு ஊற்றும் தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. நாக்குக்குச் சப்பென்று இருக்கிற தண்ணீர்கூட அந்த எல்லையைத் தாண்டியிருக்கலாம். நாங்கள் மழை முடிந்த தையில் ஒரு தடவை, கோடையில் ஒரு தடவை கொடுத்துப் பார்த்தோம். கோடையில் ஏறியிருந்தது. அந்த மாதங்களில் கம்பிக் கான்கிரீட் வேலைக்கு டேங்கர் தண்ணீர் மட்டும், கிணற்றுத் தண்ணீர் கை கால் கழுவ என்று பிரித்துவிட்டேன்.

மேஸ்திரிக்கு இதெல்லாம் வேடிக்கை. "தாயி, முப்பது வருஷமா இந்தக் கெணத்துத் தண்ணியிலதான் கட்டுறோம். எந்த வீடு விழுந்துச்சு?"

"விழல அண்ணே, உதிருது."

கொஞ்ச நேரம் பேசாமல் வெற்றிலை மென்றார். "அது சரி" என்று போய்விட்டார். அவரும் பெரியபட்டினத்தில் ஒரு வீட்டில் சன்சேடு ஒட்டுப்போட்டுவிட்டு வந்த கையோடுதான் எங்கள் வேலைக்கு வந்திருந்தார்.

முதல் தடவை வீடு கட்டுகிற யாருக்கும் நான் சொல்வது: வீட்டுக்கு முன்னால் சின்னதாக ஒன்றை உங்கள் கையால் கட்டிப் பாருங்கள். நானும் என் தம்பியும் மனையின் வடகிழக்கு ஓரத்தில் ஒரு சிமெண்ட் கொட்டகையும், அதை ஒட்டி ஒரு கக்கூஸும் கட்டினோம். ஹாலோ பிளாக் சுவர், மேலே தகரம். மேஸ்திரி பக்கத்தில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல, தூக்குக்குண்டு பிடிப்பது, ரசமட்டம் வைப்பது, மூலைக்கு மூன்றடி, நாலடி அளந்து குறுக்கே ஐந்தடி வருகிறதா பார்ப்பது எல்லாம் அங்கே பழகியதுதான். சுவர் பார்வையாக இல்லை. பரவாயில்லை, சிமெண்ட் மூட்டைக்கு அழகு தேவையில்லை. மூட்டைகளைத் தரையில் படாமல் பலகை மேல், சுவரை ஒட்டாமல் அடுக்கிவைத்தோம். எங்கள் காற்றில் வெறுந்தரையில் கிடக்கும் மூட்டை சீக்கிரமே ஓரம் கட்டிதட்டிவிடும். கக்கூஸ் கட்டியதுக்கு இன்னொரு பலனும் இருந்தது. சித்தாள்களாக வந்த பெண்கள், "இப்படி எந்த வீட்டுலயும் எங்களுக்குன்னு கட்டினதில்லக்கா" என்றார்கள். நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் அடக்கிக்கொண்டு சட்டி சுமப்பார்களாம். அவர்கள் வேலைக்கு வராமல் நின்ற நாளே இல்லை.

மணல் விஷயத்தில் பேச்சுக்கே இடமில்லை. கடற்கரை மணலும் தேரி மணலும் வேண்டாம். ஆற்று மணல் விலையும் சிக்கலும் வேறு. கல்லை உடைத்துச் செய்கிற எம்-சாண்ட்தான் வாங்கினோம். அதிலும் தூள் அதிகம் இருக்கும். கண்ணாடி பாட்டிலில் பாதிக்கு மணல், மேலே தண்ணீர், குலுக்கிவிட்டு ஓரிரு மணி நேரம் ஆடாமல் வைத்தால் மணல் அடியிலும் தூள் மேலேயும் தனியாகப் படியும். தூள் படலம் தடித்திருந்த ஒரு லோடை இறக்காமலேயே திருப்பி அனுப்பினேன். லாரி டிரைவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! அடுத்த லோடு கழுவின மணலாக வந்தது.

செங்கல்லிலும் உப்பு வரும் என்பது எனக்குத் தெரியாது, இன்ஜினியர் சொல்லித்தான் தெரியும். உவர் மண்ணில் அறுத்த கல், சுட்ட பிறகும் உப்பைக் கக்கும். கல்லை ஒரு தட்டில் ஓர் அங்குலத் தண்ணீரில் நிறுத்தி, அந்தத் தண்ணீர் முழுக்க உறிஞ்சிக் காய்கிறவரை விட்டுப் பாருங்கள். வெள்ளையாகப் பூத்தால் அந்தச் சூளை வேண்டாம். நான் நாலு சூளைக் கல்லை வரிசையாக அடுப்படித் திண்ணையில் நிறுத்தி வைத்திருந்தேன். மாமியார், "புள்ளைக்குப் பள்ளிக்கூடப் பரீட்சையா?" என்று கேட்டுவிட்டுப் போனார். மானாமதுரைப் பக்கத்துச் சூளைக் கல் ஒன்று சுத்தமாக நின்றது. லாரி வாடகை கூடுதல்தான், எடுத்துக்கொண்டோம்.

பழைய கீழக்கரை வீடுகள் பவளக்கல்லும் சுண்ணாம்புமாக நூறு வருஷம் தாண்டி நிற்கின்றன. அவற்றில் துருப்பிடிக்கக் கம்பியே கிடையாது. அந்தக் கல்லை இப்போது யாராவது மலிவாகத் தருகிறேன் என்றால் கிட்டேயே போகாதீர்கள். 2001 முதல் பவளம் வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. புலிக்கு இருக்கிற அதே பாதுகாப்பு.

வானம் தோண்டுவதைப் பங்குனி, சித்திரையில் முடித்துவிட வேண்டும். மணல் தரையில் குழியின் கரை சரிந்துகொண்டே இருக்கும், ஈரம் இருந்தால் இன்னும் மோசம். அந்த மாதங்களில் நிலத்தடித் தண்ணீரும் இறங்கியிருக்கும். பேஸ்மட்டத்தை ரோட்டிலிருந்து மூன்றடி உயர்த்தினோம். 1964 டிசம்பரில் தனுஷ்கோடியைக் கடல் கொண்டுபோன புயல் ராத்திரியை என் அப்பத்தா கதை கதையாகச் சொல்லும். எந்த வீட்டைப் பார்த்தாலும் அதன் வாசல் படி எத்தனை என்றுதான் முதலில் எண்ணும். பேஸ்மட்டத்தில் சுவருக்கு அடியில் ஓடும் பிளின்த் பீமுக்கு மேலே வாட்டர்ப்ரூஃப் கலந்த சாந்து பூசி, தார் அடித்து, அதன் மேல்தான் சுவர் எடுத்தோம். இந்தத் தடுப்பு இல்லாவிட்டால் தரையில் இருக்கும் உப்பு ஈரத்தோடு சேர்ந்து சுவரில் ஏறி, இடுப்பு உயரத்துக்குப் பூச்சைப் பொரிய வைக்கும். எத்தனை தடவை பெயிண்ட் அடித்தாலும் நிற்காது.

இனி கம்பி. கடலோரக் காற்றுக்கு நேரடியாக முகம் கொடுக்கும் கான்கிரீட்டை ஐ.எஸ். 456 'கடுமை' என்ற வகையில் வைக்கிறது. கம்பிக்கு மேல் 45 மில்லிமீட்டர் கான்கிரீட் மூடியிருக்க வேண்டும், குறைந்தது எம்-30 வலிமை, தண்ணீர் சிமெண்ட் எடையில் 0.45 பங்குக்கு மேல் போகக் கூடாது. உப்புக் காற்று நேரடியாகப் படாத உள்பகுதிக்கு 30 மில்லிமீட்டர், எம்-25. எங்கள் இன்ஜினியர் தூண், வெளிப் பீம், சன்சேடுக்கு 45, உள்பக்கத் தளத்துக்கு 30 என்று எழுதிக் கொடுத்தார். அதற்குத் தக்கபடி தளத்தின் கனத்தையும் ஐந்திலிருந்து ஆறு அங்குலமாக்கினார். மூடுகிற கனத்தை மட்டும் கூட்டிவிட்டுத் தளத்தின் கனத்தை அப்படியே விட்டால் பலம் குறையும். அதனால் இதை நாமாகச் செய்யக் கூடாது, கணக்குப் போடுகிறவரைக் கேட்டே செய்ய வேண்டும்.

நடைமுறையில் என்ன நடக்கிறது? கம்பிக்கு அடியில் உடைந்த ஜல்லியை முட்டுக் கொடுப்பார்கள். ஆள் ஏறி நடந்ததும் ஜல்லி நழுவி, கம்பி பலகையில் படுத்துவிடும். தளத்தின் அடியில் கம்பி வரிசை அச்சாகத் தெரிவது இப்படித்தான். இதற்கென்றே கம்பியைத் தூக்கி நிறுத்தும் கட்டை, கவர் பிளாக், கடையில் கிடைக்கிறது, எங்களுக்கு வேண்டிய அளவில் அப்போது கிடைக்கவில்லை. பிவிசி குழாயை 30, 45 மில்லிமீட்டர் துண்டுகளாக அறுத்து, அதில் கெட்டிச் சாந்து நிரப்பி, மேல் முகத்தில் மட்டும் கட்டுக்கம்பியைச் செருகி, மறுநாள் தட்டி எடுத்து வாளித் தண்ணீரில் ஊறப்போட்டோம். சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைகளுக்கு இதுதான் விளையாட்டு. கம்பி கட்டுகிறவர் ஒவ்வொன்றையும் கம்பியோடு முறுக்கிக் கட்டினார். அப்புறம் எத்தனை பேர் நடந்தாலும் நகரவில்லை.

சன்சேடில் ஒரு நுணுக்கம் உண்டு, சொந்தமாக வீடு கட்டுகிற எல்லோரும் கண்ணால் பார்க்க வேண்டியது. அது சுவரிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டு நிற்பதால், தாங்குகிற கம்பி மேல்பக்கத்தில் இருக்க வேண்டும். கான்கிரீட் கொட்டும்போது சட்டி வாங்குகிறவர் ஒரு காலை அதன் மேல் வைத்தால் போதும், கம்பி கீழே இறங்கிவிடும். வெளியே பார்க்க எல்லாம் சரியாக இருக்கும். பலகை பிரித்த பிறகு மேல் முகத்தில் சுவரோரமாக நெடுக விரிசல் விடும், அந்த விரிசலில் உப்புத் தண்ணீர் இறங்கும். நான் சாரத்தில் ஏறி நின்று, ஒவ்வொரு சன்சேடுக்கும் கான்கிரீட் விழுகிற நேரத்தில் கம்பியைக் கொக்கி போட்டுத் தூக்கிப் பிடிக்கச் சொன்னேன். புடவையில் சாரம் ஏற முடியாது, அதற்கென்று தம்பியின் பழைய சட்டையும் சுடிதார் பேண்ட்டும். ஊர் கொஞ்ச நாள் பேசியது.

தளம் போடுகிற நாள்தான் தண்ணீர் கையை மீறிப் போகும் நாள். மெஷினுக்குப் பக்கத்தில் ஹோஸ் பைப் கிடக்கும். கலவை இளகலாக இருந்தால் வேலை ஓடும், அதனால் எல்லோருக்கும் தண்ணீர் ஊற்றவே கை நீளும். 50 கிலோ மூட்டை ஒன்றுக்கு 0.45 என்றால் 22 லிட்டர் சொச்சம். மணலில் இருக்கும் ஈரத்தைக் கழித்தால் அதைவிடக் குறைவு. நான் ஹோஸை எடுத்துச் சுருட்டிவைத்துவிட்டு, கோடு போட்ட இரண்டு பெயிண்ட் வாளியை வைத்தேன். அந்த அளவில் கலவை இறுகலாக இருக்கும், தோசை மாவாக ஓடாது. அதற்காக, தண்ணீர் கூட்டாமலே கலவையை இளக்குகிற பிளாஸ்டிசைசரை இன்ஜினியர் சொன்னபடி அளவாகச் சேர்த்தோம். கலவையை அதிர்த்து இறுக்குகிற வைப்ரேட்டர் இரண்டு வாடகைக்கு எடுத்து, ஒன்று நின்றால் இன்னொன்று என்று வைத்திருந்தோம். கலவையின் பதத்தை அன்றைக்கு எனக்குச் சரியாகச் சொன்னது மேஸ்திரியும் இல்லை, இன்ஜினியரும் இல்லை. மெஷினுக்கு ஜல்லி போட்டுக்கொண்டிருந்த சித்தாள் அக்கா. டிரம் சுற்றுகிற சத்தத்தைக் கேட்டே, "இதுல கூடிப்போச்சு" என்பார். எட்டிப் பார்த்தால் கூடித்தான் இருக்கும். அவருக்குக் கொத்தனார் கூலியில் பாதிதான். அது எந்த நியாயம் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

சிமெண்ட் எது வாங்குவது என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். கடலோரத்துக்கு ஸ்லாக் (இரும்பாலைக் கசடு) கலந்தது அல்லது நிலக்கரிச் சாம்பல் கலந்த பிபிசி சிமெண்ட் நல்லது, கான்கிரீட் அடர்த்தியாகி உப்பு உள்ளே போவது குறையும். ஆனால் அது மெதுவாகத்தான் இறுகும். சாதாரண சிமெண்டுக்கு 7 நாள் தண்ணீர் விடச் சொல்லும் விதி, இதற்குக் குறைந்தது 10 நாள் கேட்கிறது. தளத்துக்கு அடியில் கொடுத்த முட்டுக்கால்களையும் அவசரப்பட்டுப் பிரிக்கக் கூடாது.

நாங்கள் தளம் போட்டது ஆடி பிறப்பதற்கு முன், காற்று ஏற்கெனவே வேகம் பிடித்திருந்த நேரம். வெயிலைவிடக் காற்று பொல்லாதது. கொட்டிய கான்கிரீட்டின் மேல் ஈரத்தை அது அப்படியே உறிஞ்சிவிடும், சாயங்காலத்துக்குள் முடியளவு விரிசல் வலைபோட்டுவிடும். விடியற்காலையிலேயே தொடங்கி, முடித்த பகுதியை அவ்வப்போது நனைத்த சாக்கால் மூடிக்கொண்டே போனோம். மறுநாள் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தினோம். அந்தத் தண்ணீரும் நல்ல தண்ணீர்தான். கலவையில் பார்த்துப் பார்த்து ஊற்றிவிட்டு, நீராற்றும்போது உப்புத் தண்ணீரைத் தேக்கினால் என்ன பிரயோஜனம்? தூண்களுக்குச் சாக்கைச் சுற்றிக் கட்டி, காலையும் மாலையும் நானே ஊற்றினேன். நீராற்றும் வேலையைக் கூலிக்கு விடாதீர்கள். அது சும்மா கிடக்கிற வேலையாகத் தெரியும், யாரும் மெனக்கெட மாட்டார்கள்.

அப்பா வீட்டை இடித்தபோது மிஞ்சிய பனங்கைகளை (பனைமரச் சட்டங்களை) முன் தாழ்வாரத்து ஓட்டுக்கு வைத்தோம். நல்ல வைரம் பாய்ந்த பனை, கரையான் கிட்ட வராது. புதிதாக வெட்டுவதென்றால் இப்போது கலெக்டர் அனுமதி வேண்டும், அதனால் பழைய வீடு இடிக்கிற இடங்களில் விசாரித்து வைப்பது நல்லது. தாழ்வாரம் தெற்கே பார்த்து இருப்பதால் தென்கடல் காற்று முதலில் ஓட்டிலும் பனையிலும் மோதிவிட்டுத்தான் சுவருக்கு வரும். அங்கே கம்பியும் இல்லை, கான்கிரீட்டும் இல்லை.

கதவு, ஜன்னல் சாமான்களில் சிக்கனம் பார்த்தால் இரண்டாவது வருஷமே தெரிந்துவிடும். கீல், தாழ்ப்பாள் பித்தளையில் போட்டோம். எவர்சில்வர் என்று கண்ணை மூடிக்கொண்டு வாங்காதீர்கள், 304 ரகம் எங்கள் காற்றில் பழுப்புப் புள்ளி விடும். 316 நிற்கும், விலை கூட. ஜன்னல் கிரில்லை வெல்டிங் முடிந்த பிறகு மொத்தமாகத் துத்தநாகம் முக்கி வாங்கினோம். பெயிண்ட் அடித்துவிட்டு வெல்டிங் வைத்தால், வைத்த இடமெல்லாம் துரு.

பணக் கணக்கு: வாரக் கூலி சனிக்கிழமை, நோட்டில் வேலை அளந்து எழுதி, அதற்குத் தக்கபடி. தீபாவளி முன்பணம் வேறு, வேலை முன்பணம் வேறு. செய்யாத வேலைக்குக் கொடுத்த பணம் திரும்பி வராது. ஒரு மர வியாபாரியிடம் நிலைக்குக் கொடுத்த முன்பணத்துக்காக நான் அலைந்த கதை தனி. கடைசியில் வேப்பமரத்தில் நிலை செய்து வைத்தோம், அதுவும் நன்றாகத்தான் இருக்கிறது.

கடைசியாக மாடிக் கம்பி. பின்னால் மாடி எடுப்பதற்கென்று தூண் கம்பிகளை மொட்டை மாடியில் நீட்டிவிடுவது எல்லா ஊரிலும் வழக்கம். எங்கள் காற்றில் அப்படி நிற்கும் கம்பி இரண்டு மழைக்குள் செதில் செதிலாக உரியும், அதோடு துரு கீழே தூணுக்குள்ளும் இறங்கும். அடுத்த மாடி எடுக்கும்போது அந்தக் கம்பியில் புதுக் கம்பியைக் கட்டுவது, கட்டாததற்குச் சமம். நீட்டிய கம்பிக்கெல்லாம் சிமெண்ட் பால் இரண்டு தடவை பூசி, சுற்றிப் பலகை அடைத்து, உடைக்கச் சுலபமான மெலிந்த கான்கிரீட்டால் மூடிவிட்டோம். மாடி எடுக்கும்போது சுத்தியலால் தட்டினால் வந்துவிடும். மூலைக்கு மூலை குட்டையாக நின்றுகொண்டிருக்கிறது, பார்க்க அழகில்லை. போன மாசம் லீவில் வந்த வீட்டுக்காரர் முதலில் கேட்டதே, "இது என்ன, எல்லைக்கல் நட்டிருக்க?" என்றுதான். இரண்டுக்கும் நடுவில் கயிறு கட்டித் துணி காயப்போட்டிருக்கிறேன்.